மதிலுக்கு வெளியே கொட்டிய மண்

அன்புள்ள அண்ணாவுக்கு,

குவாரி அனுமதிக் கூட்டத்தில் நீ பொய் சொன்னாய். மலைக்கோட்டையின் மதிலுக்கு வெளியே யாரும் வாழ்ந்ததில்லை என்று அகழாய்வின் தலைவனாக எழுதிக் கொடுத்தாய். அதைப் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவில் வெடிக்குத் துளை போட்டுவிட்டார்கள். நாளை மறுநாள் காலை வெடி.

அம்மாவுக்கு மூட்டுவலி குறையவில்லை. "செத்தவங்க அடுப்பைத் தேடித் தேடித் தோண்டுறீங்க, இந்த வீட்டு அடுப்பைப் பத்தவைக்க நான் ஒருத்திதான்" என்று நேற்றும் திட்டினாள். நீ கூப்பிடவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள்.

தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று வந்தபோது, எது கிட்டே என்று மட்டும்தான் பார்த்தோம். மதிலுக்கு வெளியே வெறும் சரிவுதானே என்று ஒரு சோதனைக் குழிகூடப் போடவில்லை. உள்ளே இடைக்காலக் கோட்டை, அதனடியில் இரும்புக்கால வீடுகள் என்று இறங்க இறங்க, மண்ணையெல்லாம் வெளியே தள்ளினோம். மழை அந்தக் குவியலை அறுத்தபோது அடியில் அடுப்புகள், மிதித்து இறுகிய தரை, மதிலையே பின்சுவராக்கிக் கட்டிய வீடுகள். எல்லாம் கருகியவை. மதிலின் உட்பக்கத்தில் ஒரு கரித்தடம் இல்லை.

மதில் கட்டக் கல் சுமந்தவர்களை வெளியே விட்டு, தீ வந்தபோது கோட்டைக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள் என்றேன். நீ, "கதை விடாத, தார்ப்பாயப் போட்டு மூடு. பாக்க வேண்டிய இடத்துலயே மண்ணைக் கொட்டினாங்கன்னு ஊரே சிரிக்கும்" என்றாய். மூடினோம். நீ நகரத்துக்குப் போய்விட்டாய்.

தார்ப்பாயை எடுத்துவிட்டேன். அதனருகிலேயே கூடாரம் போட்டிருக்கிறேன். வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். குவாரி மேஸ்திரி வந்து, "உங்க அண்ணனே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு, நடுவுல நீங்க யாரும்மா? வெடி ஆள் பாக்காது" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை.

அலுவலக அறையில் தூங்குவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல்.

போனை நீ எடுப்பதில்லை என்பதால் ஜீப் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இருமல் மருந்தை விட்டுவிடாதே, உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பெயர் கெடும். கெடட்டும். அனுமதி கொடுத்த அதிகாரியை இன்றே கூப்பிடு. என் தங்கை அங்கே இருக்கிறாள், நிறுத்துங்கள் என்று கெஞ்சாதே. அங்கே வீடுகள் இருக்கின்றன என்று சொல்.

உன் தங்கை