நான் மாற்றிய பாஸ்வேர்ட்

அக்கா,

சாம்பல் நிற மெஷினின் பக்கத்தில் இருக்கும் துவாரத்தில் கையை வைத்திருக்கிறேன். சூடான காற்று வருகிறது. தூசி காய்வது போன்ற, லேசாக இனிக்கும் அதே வாசனை. குளிர் நாட்களில் நீ விரல்களை இங்கேதான் காட்டுவாய். யோசிக்கும்போது ஒரு கை கீபோர்டில் இருக்கும், ஒரு கை இந்தக் காற்றில் இருக்கும். மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றுதான் இதை ஒருவர் ஆன் செய்திருக்கிறார். அது நான்தான். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே எல்லாம் நீலமாக இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து எழுதுவது போல இருக்கிறது.

கன்னடத்தில் என்றால் எனக்கு வேகமாக எழுத வரும். அம்மாவால் படிக்கவும் முடியாது. அது தெரிந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். ஏன் என்று கேட்காதே.

நாளைக் காலை சவிதா அக்கா வந்து இந்த மெஷினை எடுத்துப் போகிறார். உன் ஆபீஸில் உன்னோடு வேலை செய்தவர், உனக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் போன் செய்தார். என்னை இன்னும் சின்னக் குழந்தை போலப் புட்டி என்றுதான் கூப்பிடுகிறார். "பாஸ்வேர்ட் யாருக்காவது தெரிஞ்சா எழுதி வை புட்டி. தெரியலேன்னா பரவாயில்ல, மெஷின் உள்ள இருக்கற போர்டையே மாத்திடுவாங்க" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். போர்டை மாற்றிவிட்டால் நான் செய்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும். முதலில் அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வேகத்தில் நீ ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாய். "தப்பு எங்கன்னு தெரியல. என் தப்புதான்." அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். வருகிற எல்லாரிடமும் கேட்கிறாள், நீ என்ன தப்பு செய்தாய் என்று. ஹனூரிலிருந்து காரியத்துக்கு வந்த பெரியம்மா, "ஊட்டுலயே ஒக்காந்து வேல செஞ்ச புள்ள, போனுல எவங்கூடப் பேசுச்சோ" என்று சமையலறையில் சொன்னாள். அன்றிரவு அம்மா என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "கண்ணு, உங்கிட்டயாச்சும் ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உன் தப்பு எது என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஏனென்றால் அது உன் தப்பே இல்லை.

இந்த மேஜைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கே உட்கார வேண்டும். "சும்னே கேளு. பதில் சொல்ல வேணாம். நான் பேசினா எனக்கே வெளங்கும்" என்பாய். நான் முறுக்கு தின்றுகொண்டே கேட்பேன். மெஷின் கண் விழிக்கும்போதே படித்துக்கொள்ளும் அமைப்புகள் சில உண்டு என்றாய். எதிலிருந்து தொடங்குவது, கேமரா இருக்கலாமா கூடாதா, இந்த மாதிரி. அவற்றை, மெஷினை ஓட்டும் லினக்ஸுக்குள் இருந்தே மாற்ற, டிரைவர் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. யார் கேட்டாலும் மாற்றிவிடக் கூடாது என்பதால் அது முதலில் பாஸ்வேர்ட் கேட்கும், அல்லது டோக்கன் கேட்கும். அந்தக் கேட்கும் இடத்தில்தான் உன் வேலை.

எனக்கு எதுவும் புரியாது. உன் குரல் மட்டும் வரும், வெளியே விஜயநகர் மரங்களில் கிளிகள் கத்தும், நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். அப்படி ஒரு நாள், டோக்கன் மட்டும் ஏன் செல்லவில்லை என்று நீ தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். அது ஒரே ஒரு வேலைக்காக யாரோ கையெழுத்துப் போட்டுத் தருவது என்றாய். நான் தூக்கத்திலேயே, "எங்க ஸ்கூல் கேட் பாஸ் மாதிரியா?" என்று கேட்டேன். பிறகு நான் கேட் பாஸில் இரண்டரை என்று இருந்ததைப் பேனாவால் ஒன்றரை ஆக்கி வாட்ச்மேனிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாத கதை அது. நீ திட்டவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். சந்தோஷத்தில் உன் 'அடி' கன்னடத்துக்கு மாறி 'கணே' ஆகிவிடும். "அதேதான் கணே. நானும் இத்தன நாளா டோக்கன் மேல பேனா வெச்சிட்டு இருந்தேன்."

பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து என்று அந்த டிரைவர் எண்ணிப் பார்த்து, வேறு எழுத்து முறைக்கு மாற்றி, பொட்டலம் கட்டி உள்ளே அனுப்பும். டோக்கனையும் அப்படியே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தது. ஓர் எழுத்தைத் தொட்டாலும் கையெழுத்து செல்லாது. அன்று சாயங்காலமே நீ திருத்தினாய். வந்திருப்பது டோக்கனா என்று முதல் சில எழுத்துகளைப் பார். டோக்கன் என்றால் தொடாதே. பாஸ்வேர்ட் என்றால் மட்டும் கட்டு. டோக்கன் போட்டாய், சென்றது. பாஸ்வேர்ட் போட்டாய், சென்றது. உலகம் முழுக்க லினக்ஸ் எழுதுகிறவர்கள் படிக்கும் அஞ்சல் குழுவுக்கு அனுப்பினாய். இரண்டு பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். அப்பா நஞ்சன்கூடு ஃபாக்டரியிலிருந்து வரும்போது மைசூர்பாகு வாங்கி வந்தார்.

அதற்கு அடுத்த ஞாயிறு. நீ கடைசியாக ஒருமுறை சோதித்துக்கொண்டிருந்தாய். ஸ்டூலில் நான் இருந்தேன், ஆனால் நீ பேசவில்லை. பாட்டு கேட்டுக்கொண்டு, நான் இருப்பதே தெரியாமல் வேலை செய்தாய். பண்டிகைக்கு ஊரெல்லாம் போட்ட லைட்டைப் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி மூன்று தடவை தள்ளிப் போட்டிருந்தாய். திடீரென்று மழை. மாடியில் துணி காய்கிறது என்று அம்மா கத்தினாள். நீ அப்படியே எழுந்து ஓடினாய்.

நீ எப்போதும் செய்கிற ஒரு காரியத்தை அன்று செய்யவில்லை. பாஸ்வேர்டை ஒரு கோப்பில் எழுதினால் அது டிரைவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், யாராலும் திரும்பப் படிக்க முடியாது, ஆனால் போகவும் போகாது என்று நீ சொல்லியிருக்கிறாய். வேலை முடிந்ததும் அதே கோப்பில் வெறுமையை எழுதினால்தான் போகும். அதுவரை அந்த இடத்தில் உட்காருகிற யாரும், பாஸ்வேர்ட் தெரியாமலே எதையும், பாஸ்வேர்டையே கூட, மாற்றலாம். மழை வந்ததால் நீ வெறுமையை எழுதவில்லை. திரை திறந்திருந்தது. நான் ஸ்டூலிலிருந்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன்.

உன் விரல்களை நூறு தடவை பார்த்திருக்கிறேன். புதிய பாஸ்வேர்டுக்கான கோப்பில் என் சொல் ஒன்றை எழுதினேன். வரிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டால் மெஷின் அந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளாது என்பதும் உன்னிடம் பார்த்ததுதான். திரையில் தெரிந்த எழுத்துகளையும் அழித்தேன். என் சொல்லை மெஷின் ஏற்றுக்கொண்டிருந்தது. இனி நீ என்னைக் கேட்டால்தான் திறக்கும். நீ என் பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. பத்து நிமிடம் தவிக்கவிட்டுச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

நீ ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாய். பழைய பாஸ்வேர்டைப் போட்டாய். செல்லவில்லை. மறுபடி போட்டாய். உன் முதுகு நிமிர்ந்தது. "ஐயோ, பாஸ்வேர்ட் பக்கத்த நான் ஒடச்சுட்டேன்" என்றாய், மிக மெதுவாக. நான் வாயைத் திறப்பதற்குள் சவிதா அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாய். பிறகு இன்னொருவர், பிறகு இங்கிலீஷில் யாரோ. பேச்சு பெரிதாகப் பெரிதாக என் விளையாட்டு எனக்கே பயங்கரமாகத் தெரிந்தது. ஒவ்வொரு மணி நேரமும் சொல்வது இன்னும் கஷ்டமானது. இரண்டு நாள் நீ தூங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தக் குழுவுக்கு எழுதினாய்: என் மாற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம், பாஸ்வேர்ட் தோற்கிறது, தவறு என்னுடையது. புதன்கிழமை காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். கொசு என்று டாக்டர் சொன்னார். எனக்கு மட்டும் அது கொசு என்று நம்ப முடியவில்லை. நீ வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

சிறிது நேரம் எழுதுவதை நிறுத்தியிருந்தேன் அக்கா. உன் நோட்டிலிருந்து அந்த வரிகளைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். என் சொல்லைப் போட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் நீயே திட்டுவாய். கேமராவை அணை என்றேன். ஒரு பிழையும் சொல்லாமல் திரை அடுத்த வரிக்குப் போனது. பார்த்தால், கேமரா அணைந்திருக்கிறது. உன் டிரைவர் என் சொல்லை எண்ணி, பொட்டலம் கட்டி, சரியாகக் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறது. நீ எதையும் உடைக்கவில்லை. உடனே வெறுமையை எழுதி அழித்துவிட்டேன்.

பிறகு சவிதா அக்காவுக்கு எல்லாவற்றையும் மெசேஜில் எழுதினேன். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. அனுப்பினேன். அவர் விழித்திருந்தார். "என்ன டைப் பண்ணே, வரி வரியா அனுப்பு" என்று வந்தது. அனுப்பினேன். "இப்போ வேணும்னே தப்பான பாஸ்வேர்ட் போடு. மெஷின் வேணாம்னு சொல்லணும்." போட்டேன். வேண்டாம் என்றது. "சரி. உங்க அக்கா எழுதினது சரியா இருக்கு. நாளைக்கு நானும் ஒரு தடவை பார்த்துட்டு, அவ மாற்றத்த மறுபடி அந்தக் குழுவுக்கு அனுப்பறேன்."

இன்னொரு மெசேஜ் வந்தது. என்ன நடந்தது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் பெயரை ஒரு வரியில் போடுவது வழக்கமாம். "உன் பேரைப் போடட்டுமா புட்டி? ஊரே படிக்கும். வேணாம்னா வேணாம்." போடுங்க என்று எழுதினேன். உன் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று வருமா என்று கேட்டேன். "இல்ல. அங்க அப்படியெல்லாம் போட மாட்டாங்க. எழுதினவங்க பேரு, அவ்வளவுதான். மேல அவ பேரு இருக்கும், கொஞ்சம் கீழ உன் பேரு."

'உன் மேல் தப்பில்லை, நீ சின்னப் பெண்' என்றெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். நீ தூங்காத அந்த இரண்டு ராத்திரிகளும் என்னிடம்தான் இருக்கின்றன. அவற்றை நான் யாரிடமும் இறக்கி வைக்கப் போவதில்லை. பெரியவளாகி வேறு ஊருக்குப் போனாலும் கூடவே வரும் என்று நினைக்கிறேன்.

அப்பா வேலைக்குப் போகும் ரயிலுக்காக அம்மா எழுந்துவிட்டாள். சமையலறையில் லைட் எரிகிறது, அரிசி கழுவும் சத்தம் கேட்கிறது. என் கால் தரையில் பட மறுக்கிறது. முதல் வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அம்மா, அக்கா ஒரு தப்பும் பண்ணல. அதைச் சொல்ல எனக்குப் பயமே இல்லை. அவள் கையில் இருப்பதை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். இரண்டாவது வாக்கியம் 'நான்' என்று தொடங்கும்.