பாலம் ஏறும்போது பேசக்கூடாது

என் ஆசை மாமாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. பழக்கம். அங்கே உனக்கு என்ன குறை இருக்கப்போகிறது? பிரித்துப் போட இன்ஜின் இருக்காது, அது ஒன்றுதான். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவள் வேறு எப்படி எழுதுவாள்? நீ என்னைவிட ஒரே ஒரு வகுப்பு கூட. அதை வைத்துக்கொண்டு கல்யாணமான நாளிலிருந்து பீற்றிக்கொண்டாய்.

உன் ஹெரால்டு காரைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். பதறாதே, நல்ல சேதிதான். ஆனால் நடுவில் அது காயலாங்கடை வாசல்வரை போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்தது.

பகலெல்லாம் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜினோடு கிடந்த ஆள் நீ. அதெல்லாம் டீசல். டீசலுக்குப் பொறி கிடையாது, அமுக்குகிற அமுக்கில் தானே பற்றிக்கொள்ளும். படகு முதலாளி ஓரங்கட்டிய காரைக் கேட்டு வாங்கி வந்த அன்றைக்கு, "பொறியே இல்லாத இன்ஜினோட மாரடிச்சு மாரடிச்சு மரத்துப்போச்சு கஸ்தூரி. வூட்ல ஒண்ணாவது பொறியோட இருக்கட்டும்" என்றாய். நான் ஒருத்தி இருக்கிறேனே, போதாதா என்று கேட்டேன். "நீ பொறி இல்ல, தீப்பெட்டி கம்பெனி" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம் தெருவே வேடிக்கை பார்க்கும். அந்தக் காருக்கு முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். நீ முன்சக்கரத்தின் மேல் மணைபோட்டதுபோல் உட்கார்ந்துகொள்வாய். நான் ஓட்டுகிறவர் இடத்தில், ஆக்சிலேட்டரில் கால். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனால் நீ சொல்கிற அளவுக்கு மிதிக்கத் தெரியும். "மெதுவா... இன்னும்... ஐயே, இன்னா மிதி மிதிக்கிற, கரப்பாம்பூச்சியா அது?"

பொறியைப் பங்குபோட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு. அதற்கு ஒரு பக்கம் A, மறு பக்கம் R. பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பொறி விழவேண்டும்; எவ்வளவு முன்னால் என்பதில்தான் வித்தையே இருக்கிறது என்பாய். A பக்கம் திருப்பினால் பொறி முந்தும். R பக்கம் திருப்பினால் பிந்தும். இங்கிலீஷில் அதற்கெல்லாம் என்ன பெயரோ, யாருக்குத் தெரியும்? நீயே பெயர் வைத்தாய். A என்றால் அவசரம். R என்றால் ராகுகாலம்.

அதோடு விட்டாயா? எனக்கு அவசரம் என்று பட்டம் கட்டினாய். நான் சும்மா இருப்பேனா, நீதான் ராகுகாலம் என்றேன். பின்னே? சட்டைக்குப் பொத்தான் போடவே நல்ல நேரம் பார்க்கிற ஆள்தானே நீ!

திருகைத் திருப்பிவிட்டு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ரயில்வே மேம்பாலத்துக்குப் போவாய். டாப் கியரிலேயே ஏற்றுவாய். ஏற்றத்தில்தான் பொறி முந்தினால் இன்ஜின் தட்டும், அதைக் கேட்கவேண்டும். அதனால் பாலம் ஏறும்போது காருக்குள் யாரும் பேசக்கூடாது. தும்மக்கூடாது. உங்கம்மா வெற்றிலைகூட மெல்லக்கூடாது. என் ஆயுசில் நான் வாய் மூடிக்கொண்டு இருந்தது அந்தப் பாலத்தில் மட்டும்தான் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாய்.

நீ போனபிறகு காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தேன். வருஷம் திரும்பியதும் உன் தம்பி ஏழுமலை வந்து நின்றான்.

"அண்ணி, இத்த காயலாங்கடைல போட்டுடலாம். வலை வெக்க எடம் இல்லாம பேஜாரா கீது."

அவன் மேலும் தப்பில்லை, மழையில் வலை நனைந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து மாத்தூரிலிருந்து உன் தங்கச்சி போன் போட்டாள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்களாம். "அண்ணன் வரமுடியாது. அண்ணன் காராவது என் வாசல்ல வந்து நிக்கட்டும் அண்ணி" என்று ஒரே அழுகை. கல்யாணப் பெண்ணாக அந்தக் காரில் போனவள் அல்லவா.

ஏழுமலை யோசித்தான். "சரி. எல்லாரையும் ஏத்திகினு டாப்ல பாலம் ஏறிச்சுன்னா இருந்துட்டுப் போவட்டும். ஏறலன்னா காயலாங்கடை. அப்புறம் அழக்கூடாது, ஆமா."

புது பாட்டரி போட்டு ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். சாவி போட்டதும் கிளம்பியது. தெருவில் சமர்த்தாகப் போனது. பாலத்தில் பாதி ஏறும்போதே மூச்சு வாங்கியது. பின்னால் கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடித்தே நம் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டான்.

தண்டையார்பேட்டை காதர் பாயைக் கூட்டிவந்தேன். நல்ல மனுஷன், இப்போது அவருக்கு வேலையெல்லாம் புது வண்டிகளில்தான். பொறி பிந்துகிறது என்று A பக்கம் திருப்பினார். வண்டி இழுத்தது, ஆனால் ஏற்றத்தில் டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினமாதிரி சத்தம். R பக்கம் திருப்பினார். சத்தம் நின்றது, கூடவே இழுவையும் நின்றது.

ஏழுமலை கையைத் தட்டினான். "அவசரப்படுத்தினா அழுவுது, ராகுகாலத்துல வுட்டா தூங்குது. இது காரு இல்ல அண்ணி, எங்கண்ணனே தான்!"

சிரித்துவிட்டேன் மாமா. ஆனால் பால் காய்ச்சுகிற நாள் நெருங்கிவிட்டது.

மறுநாள் மீன் விற்று முடித்து, கூடையை இறக்கிவைத்துவிட்டு, காரின் வாயைத் திறந்தேன். உன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்தேன். திருவொற்றியூர்த் திருவிழாவில் நீ காட்டிய சங்கிலி ராட்டினம் ஞாபகம் வந்தது. "பாத்துக்கோ கஸ்தூரி. சுத்துற வேகம் ஏற ஏற நாற்காலிங்கோ வெளிய விரியுதா? டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளயும் அதேதான். ரெண்டு எடை, ரெண்டு ஸ்பிரிங்கு. வேகம் ஏறினா எடை விரியும், பொறி தானா முந்தும். வெளிய திருப்புறதுதான் நம்ம கை. உள்ள திருப்புறது வேகத்தோட கை." ஜனமெல்லாம் ராட்டினத்தில் சுற்றியது, நீ மட்டும் கீழே நின்று பாடம் நடத்தினாய். எனக்கு ஒரு சுற்றுக்குக்கூட டிக்கெட் எடுக்கவில்லை, அது வேறு விஷயம்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றியதும் நடுவில் சுழல்கிற ரோட்டரை, குழந்தையின் காதைத் திருகுவதுபோல் நீ லேசாகத் திருகிவிட்டு விடுவாய். டிக் என்று தானே பழைய இடத்துக்கு வரும். "வுட்டா திரும்பி வரணும். வரலன்னா உள்ள எடை ஒட்டிகினு கீதுன்னு அர்த்தம்."

திருகிப் பார்த்தேன். அசையவே இல்லை. கடல்காற்று உப்பு உள்ளே புகுந்து துருவாகப் பிடித்துக்கொண்டிருந்தது. எடை விரியாமல் பொறி எப்படி முந்தும்?

காதர் பாய்க்கு ஆள் அனுப்பினேன். உள்தட்டைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டு, தையல் மிஷின் எண்ணெய் விட்டு, இரண்டு எடைகளையும் ஆடவைத்தார். ஒரு ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தது. இன்னொன்று, தடியானது, தொளதொளவென்று தொங்கியது.

"இது செத்துப்போச்சும்மா. வேற போட்டுடலாம்."

"கை வெக்காத பாய்! அது அப்படித்தான். மெல்லிசு எப்பவும் வேலை செய்யும், தடியன் சும்மா குந்திகினு இருப்பான். வேகம் எகிறினப்புறம்தான் இழுத்துப் பிடிப்பான். மெல்லிசு நானாம், தடியன் அவராம். அவரே சொன்னது."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாவற்றையும் துடைத்து, திரும்பப் பூட்டி, ரோட்டரைச் செருகிவிட்டு என்னைப் பார்த்தார். திருகினேன். விட்டேன்.

டிக்.

மாமா, மூடியைப் போடவிடாமல் திரும்பத் திரும்பத் திருகினேன். டிக். டிக். "போதும்மா, தேஞ்சிடப்போவுது" என்றார் பாய்.

பிறகு அவர் சக்கரத்தின் மேல், நான் ஆக்சிலேட்டரில். உன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தது முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கால் தானாகவே நீ பழக்கிய அளவுக்கு மிதித்தது, காது தானாகவே தேடியது. "பாய், கொஞ்சம் ராகுகாலம்!" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாங்க அதெல்லாம் பாக்கறதில்லியேம்மா!"

பால் காய்ச்சுகிற நாள். ஏழுமலை ஓட்டினான். நான் முன்னால், பின்னால் உங்கம்மாவும், ஏழுமலை பெண்டாட்டியும், மடியில் சீர்த்தட்டும். ராயபுரத்திலிருந்தே நான் தொணதொணத்துக்கொண்டு வந்தேன். பயம், வேறென்ன? திடீரென்று ஏழுமலை கையைத் தூக்கினான்.

"அண்ணி, வாயை மூடு. பாலம் வருது."

அவன் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைக்கவே இல்லை. உங்கம்மா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்கள். டாப் கியர். கண்ணை மூடிக்கொண்டேன். தட்டல் இல்லை, திணறல் இல்லை. உன் கார் ஒரே மூச்சில், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஏறியது. நீ பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது.

உச்சிக்கு வந்தபிறகும் யாரும் பேசவில்லை. இறங்கினபிறகும் பேசவில்லை. கொடுங்கையூர் தாண்டித்தான் ஏழுமலை தொண்டையைக் கனைத்தான்.

"அப்ப வலையை எங்க வெக்கறது?"

"உன் தலைமேல வெச்சிக்கோ" என்றேன். எல்லோரும் சிரித்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தோம். உன் தங்கச்சி முதல் பொட்டை நிலைவாசலுக்கு வைக்கவில்லை, உன் காருக்குத்தான் வைத்தாள்.

காது மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவையும் கற்றாய். கற்றதைக் கட்டிக்காக்காமல், ஒன்றும் தெரியாத இந்த வாயாடியிடம் விளையாட்டுப்போலக் கொட்டிவிட்டுப் போனாய். உன்னைக் கேலி செய்த நேரத்தில் ஒரு தடவையாவது கெட்டிக்காரன் என்று சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்: நீ கெட்டிக்காரன் மாமா.

ஒன்று மட்டும் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் ராகுகாலம் பார்த்த மனுஷன், போவதில் மட்டும் ஏன் இப்படி A பக்கம் திரும்பினாய்?

உப்புக்காற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் மூடியைக் கழற்றி, ரோட்டரைத் திருகிவிட்டு, அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பேன். மற்றபடி வாயை மூடுவேன் என்று கனவு காணாதே. பாலத்தில் மட்டும் பேசமாட்டேன். அங்கே நீ கேட்டுக்கொண்டிருப்பாய்.

உன் அத்தை மகள்,
உன் அவசரம்,
கஸ்தூரி