சந்துக்குள் நிற்கும் பனி லாரி

தாராவி,
ஐப்பசி, வியாழக்கிழமை

அன்பு மகள் விஜயராணிக்கு அப்பா எழுதுவது. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளை ஹரியும் அந்த வெளிநாட்டுக் குளிருக்குத் தகுந்தபடி உடுத்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று, இனி விஷயம். நான் ஊரில் அம்மன் கோயில் கொடைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், நீ அங்கிருந்து போனில் உத்தரவு கொடுக்க, உன் தம்பி மாரிசெல்வம் என் பட்டறையில் என் வெல்டிங் மிஷினை வைத்து எதிர்வீட்டு மாடி ரோசம்மாவுக்கு இரும்புப் படிக்கட்டு செய்து, அடியில் கான்கிரீட் போட்டுச் சந்துக்குள் நட்டுவிட்டான். அந்தப் படிக்கட்டில் இடித்து, நான் பனி தள்ளுவதற்கென்று செய்த லாரி வெளியே போக முடியாமல் நிற்கிறது. இது பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குச் செய்த அநியாயம். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், அதனால் எழுதுகிறேன். மாரிசெல்வம் இதைப் படம் எடுத்து அனுப்புவான். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும், பரவாயில்லை, மெதுவாக வாசித்தால்தான் உள்ளே இறங்கும்.

மாப்பிள்ளைக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலில் இருந்து சொல்கிறேன், அவருக்கு வாசித்துக் காட்டு. ஆனி மாதம் பைசான் என்ற டிரைவர் இந்த வண்டியைக் கொண்டுவந்தான். காஷ்மீரத்தில் மேலே ஒரு மலையூர்க்காரன். அவன் பெரியப்பா ஏலத்தில் ஒரு பழைய பத்துச்சக்கர லாரியும், கப்பலில் வந்த பழைய இரும்போடு கிடைத்த பனி தள்ளும் பலகை ஒன்றும் இங்கேயே வாங்கி, பொருத்திக் கொண்டுவா என்று அவனை அனுப்பியிருக்கிறார். பலகை என்றால் மரம் இல்லை, வளைந்த கனத்த இரும்பு, லாரியை விட அகலம். மற்ற பட்டறைக்காரர்கள், பனியையே பார்க்காத நாங்கள் இதை எப்படிச் செய்வது என்று கையை விரித்தார்கள். நானும்தான் பார்த்ததில்லை. வெல்டிங்கை மட்டும் யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானே பார்த்துக் கற்றதுதானே. பழைய வண்டி, பலகையின் பாரத்தில் மூக்கு குத்தும் என்று முன் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்தேன், சேசிஸ் சட்டத்தின் இரண்டு பக்கமும் தகடு கொடுத்துப் பலகைக்குத் தாங்கி செய்தேன். அப்போதுதான் நீ அங்கே உள்ள பனி வண்டிகளின் போட்டோக்களை அனுப்பி, அப்பா, பலகையைப் பற்றவைக்க வேண்டாம், இங்கே எல்லாம் இரும்புப் பின் போட்டுக் கழற்றி மாட்டுவதுபோல்தான் வைத்திருக்கிறார்கள் என்றாய். நான் அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். உங்கள் ஊரில் பின் விழுந்தால் இன்னொரு பின் கொண்டுவர ஆள் உண்டு. அந்த மலையில் விழுந்தால் பைசான் பனிக்குள் கைவிட்டுத் தேடுவானா? அதனால் பற்றவைத்தேன். சந்தின் அகலத்தை அளந்துதான் பற்றவைத்தேன். இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. பலகையை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் வேலையை மட்டும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டறையைப் பூட்டிச் சாவியை உன் தம்பியிடம் கொடுத்துவிட்டு நானும் உன் அம்மாவும் கொடைக்கு ரயில் ஏறினோம்.

திரும்பி வந்து ஹைட்ராலிக் வேலையை முடித்து, வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்தால், பட்டறை வாசல் தாண்டியதும் பலகை படிக்கட்டில் போய் முட்டுகிறது. பலகையைச் சாய்த்துத் திருப்பினோம், முட்டியது. முழுக்க மேலே தூக்கினோம், கைப்பிடிக் கம்பியில் முட்டியது. பின்பக்கமாக எடுக்கலாம் என்றால் அங்கே சுவர். மாரிசெல்வத்தைக் கேட்டால், லாரி போற எடம் விட்டுத்தாம்ப்பா நட்டேன், லாரிய அளந்தேன், பலகைய அளக்கல என்கிறான். எனக்குப் பிறந்த பிள்ளையின் பேச்சு. நீ அவனிடம், அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ செய்டா என்றாயாம். எப்போது சொன்னாய்? யாரிடம் சொன்னாய்?

அன்றிலிருந்து லாரி பாதி பட்டறைக்குள்ளும் பாதி சந்துக்குள்ளுமாக நிற்கிறது. வேறு வேலை உள்ளே வர வழியில்லை, வந்த இரண்டு கேட் வேலையும் வேறு பட்டறைக்குப் போய்விட்டது. மாடியில் நம் வீட்டுக்கு ஏறும் ஏணிக்குப் போகவும் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். உன் அம்மா, எனக்கு வாய்ச்ச மாமியா போனதுக்கு இப்ப இது வந்திருக்கு, இதுகிட்ட அனுமதி கேக்காம ஏற முடியல என்கிறாள். சந்தில் போகிறவன் வருகிறவன் எல்லாம், அண்ணாச்சி, தாராவியில என்னைக்குப் பனி விழுதுன்னு சொல்லுங்க, கம்பளி வாங்கி வைக்கணும் என்று கேட்டுவிட்டுப் போகிறான். நான் வெளியில் இறங்குவதையே குறைத்துவிட்டேன். லாரிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், முன்னால் இரும்பு, பின்னால் சுவர்.

ஒரு நாள் மட்டும் படிக்கட்டை அறுத்துவிட்டு, வண்டி போனதும் சாயங்காலத்துக்குள் திரும்ப ஒட்டித் தருகிறேன் என்று ரோசம்மாவிடம் நியாயமாகத்தான் கேட்டேன். கேட்கமாட்டேன் என்கிறாள். அவளுடைய பழைய ஏணியில் ஒரு படி ஒடிந்து அவளுக்கு முழங்காலில் அடிபட்டது உனக்குத் தெரியும். அது துருப்பிடித்து ஒடிந்தது, வெல்டு விட்டு ஒடிந்ததில்லை, நான் பார்த்தேன். சரிசெய்து தருகிறேன் என்று அந்த ஏணியைக் கழற்றிக் கொண்டுவந்தேன். அதற்குள் இந்த லாரி வந்துவிட்டது, ஏணி மூலையில் கிடந்தது, வேலை அதிகம், என்ன செய்வது. அவள் வீட்டுக்குக் கீழே பை தைக்கிற கடைக்காரர்கள் மூங்கில் ஏணி வைத்துக்கொடுத்தார்கள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவளால் அதில் கால் வைக்க முடியவில்லை. மழை முழுக்க வாளியில் கயிறு கட்டிக் காய்கறி ஏற்றினாளாம், மாதா கோயில் பூசைக்குப் போகவில்லையாம். இதை எல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்போது நேற்று நடந்ததைக் கேள். காலையில் பைசானுக்கு ஊரிலிருந்து போன். அவர்கள் ஊருக்கு மேலே உள்ள முகட்டில் பனி விழுந்து வெள்ளையாகிவிட்டதாம். அவன் பெண்சாதிக்கு மார்கழியில் பிரசவம். ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே ரோடு, பனி மூடினால் யாரும் இறங்க முடியாது. போன வருஷம் அவன் அண்ணியைப் பிரசவத்துக்குக் கட்டிலோடு தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்களாம், பாதி வழியில் பிள்ளை போய்விட்டது. இதை அவன் என்னிடம் வந்த முதல் நாளே சொன்னான், சொல்லித்தான் வேலையைக் கொடுத்தான். போனை வைத்துவிட்டு யாரையும் கேட்காமல் நம் கிரைண்டரை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனான். ரோசம்மா மேலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து நடுப்படியில் உட்கார்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள். அண்ணாச்சி, ஒரு நாளுன்னுதான் ஏணிய எடுத்துட்டுப் போனிய, மழை பூரா நான் மேலதான் கெடந்தேன், இப்பவும் ஒரு நாளுங்கிய, வெட்டச் சொல்லுங்க, என்னையும் சேத்து வெட்டட்டும். சத்தமே போடவில்லை. பைசானுக்குத் தமிழ் தெரியாது, அம்மா என்ன சொல்கிறார் சாச்சா என்று என்னை இந்தியில் கேட்டான், அவனுக்கு நான் சித்தப்பா முறை. நான் சொல்லவில்லை. மாரிசெல்வம் சொன்னான், ஏணிக் கதையையும் சேர்த்துச் சொன்னான், அவனை யார் கேட்டது. பைசான் கிரைண்டரைக் கீழே வைத்தான். படியோரம் இருந்த அவளுடைய தண்ணீர் கேனைத் தூக்கி மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கி வந்து, லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். இன்று காலை நானே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். சாச்சா என்று சொல்லவில்லை.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் செய்ய வேண்டும். மாப்பிள்ளை அவர் வேலை பார்க்கும் டிப்போவில் நிற்கும் பனி வண்டியில், பலகையைக் கோக்கிற பின் என்ன கனம், அது நுழைகிற காதுத் தகடு என்ன கனம், இரண்டையும் அளந்து அனுப்ப வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வது எனக்கு வேண்டாம். நீ அந்தப் போட்டோக்களை மறுபடியும் அனுப்ப வேண்டும், பழையவை என் போனில் இல்லை. மாரிசெல்வம் செயின் புல்லியும் தட்டு வண்டியும் வாடகைக்குக் கொண்டுவந்து, பலகையை நெட்டுவாக்கில் சந்து வழியாக மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும், லாரியும் வெளியே வந்ததும் அங்கே வைத்துப் பின் போட்டு மாட்ட வேண்டும். உன் அம்மா பைசானுக்கு வழியில் கெடாத சாப்பாடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாசமான பெண்ணுக்கு என்று தனியாக ஏதோ செய்ய ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள். பலகையைத் தாங்கியிலிருந்து அறுக்க வேண்டியது நான். நான் பற்றவைத்ததில் இன்னொருவன் கைவைக்கக் கூடாது. சந்து முழுக்க நின்று பார்க்கும், பார்க்கட்டும். ரோசம்மா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இதனால் பின் போடுவதுதான் சரி என்று ஆகிவிடாது, நீ எனக்குச் சொல்லாமல் செய்ததும் நியாயம் ஆகிவிடாது.

நம் அம்மன் உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நன்மையும் தரட்டும், நீங்கள் போகிற பாதையில் கால் வழுக்காமல் இருக்கட்டும். அளவு நாளைக் காலைக்குள் வந்தாக வேண்டும். அங்கே ராத்திரி என்று சாக்குச் சொல்லாதே, மாப்பிள்ளையை எழுப்பு. நான் அப்பவே சொன்னேன் என்று மட்டும் நீ எழுதக் கூடாது. அதைச் சொல்லிக் காட்ட ரோசம்மாவுக்குத்தான் உரிமை உண்டு, அவளே இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சு. பிரம்மநாயகம்