வெற்றிலைக்கொடிக்கு உன் சேலைகள்

என் முகம் பார்க்காமலே போய்விட்ட அக்காவுக்கு,

நீ போன பிறகு உன் கணவருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்தவள் எழுதுகிறேன். உன் மீது எனக்குப் பொறாமை. மாலை போட்ட படத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாளே என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ரசத்தில் உப்புக் கூடினாலும் உன் பேர், குறைந்தாலும் உன் பேர். நான் என்னதான் செய்வது?

இந்தப் பங்குனியில் வெற்றிலைத் தோட்டமும் உன் கட்சிக்குப் போய்விட்டது. கொடிக்கு நிழல் தரும் அகத்தியில் மழைக்காலத்தில்தானே கிளை கழிப்போம்? இவர் ஆட்டுக்குத் தழை வேண்டுமென்று மாசியில் போய்க் கழித்தார். அகத்தி துளிர்ப்பதற்குள் வெயில் நேராகக் கொடி மேல் இறங்கி, இலையெல்லாம் வெளுத்துப்போனது. கடத்தூர்ச் சந்தையில் ஒருவரும் வெற்றிலைக் கட்டைத் தொடவில்லை. திரும்பி வந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவ இருந்திருந்தா கழிக்க உட்டிருப்பாளா?"

கழித்தது அவர் கை. குற்றம் என் தலையில். நியாயமா அக்கா?

தோட்டக்கலை ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்து பார்த்தார். "வெளிச்சத்த வெச்சுத்தாங்க இலை சோறாக்குது. நாளெல்லாம் அளவுக்கு மேல உழுந்தா, வெளிச்சத்தப் புடிக்கிற உறுப்பே ஒடஞ்சுபோயிரும். இலை தானாவே அதச் சரிபண்ணிக்கும். ஆனா சரிபண்றத விட வேகமா ஒடைஞ்சா வெளுத்துரும். முழுசா வெளுத்தது போனதுதாங்க. மத்ததுக்கு மதிய வெயில மறைங்க, தேறிக்கும்."

நிழல்வலை வர நாளாகும் என்றார்கள். பீரோவைத் திறந்தேன். யாரையும் தொடவிடாமல் அவர் வைத்திருக்கும் உன் சேலைகளை எடுத்துப் போய்த் தோட்டம் முழுக்கக் கட்டினேன். கொடியைக் காப்பாற்ற மட்டும்தான் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அவையும் கொஞ்சம் வெளுக்கட்டுமே என்றிருந்தது.

அவர் வந்தார். வரப்பிலேயே நின்றுவிட்டார். கத்தப்போகிறார் என்று பார்த்தேன். உன் பச்சைச் சேலையின் முந்தானையை மெதுவாகத் தொட்டார். எனக்கு வயிறு எரிந்தது. பிறகு நிழல் எட்டாத கடைசி வரிசையைப் பார்த்தார்.

"இங்க பத்தலியே. உன்னுதுல ஒண்ணு எடுத்துட்டு வா."

என் முகூர்த்தச் சேலையையே கொண்டு வந்தேன். அவரே வாங்கிக் கட்டினார், உன் பச்சைக்குப் பக்கத்தில்.

அகத்தி துளிர்த்ததும் உன் சேலைகளைத் துவைத்து மடித்துத் திரும்ப வைப்பேன். இது சத்தியம். ஆனால் இனி பீரோவில் உனக்கென்று தனித் தட்டு கிடையாது. என்னுடையவற்றோடுதான் இருக்க வேண்டும். பொறாமை போய்விட்டதா என்று மட்டும் கேட்காதே.

உன் பீரோவில் பாதி இடம் கேட்கும்
தங்கை