காசு கொடுத்துக் கேட்கும் ரேடியோ

ஜூன் 11, புதன்

விடிந்ததிலிருந்து மழை. மூடுபனி வேறு. எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கிரீச் வாசலில் நின்றால் கேட் தெரியவில்லை. பிள்ளைகள் பாதிப்பேர்தான் வந்தார்கள். மிஞ்சிய பாலை ஆயாக்கள் இருவரும் டீ போட்டுக் குடித்தோம்.

மேல் டிவிஷன் லயத்துக்கு நேற்று ஒற்றையான் வந்துபோயிருக்கிறது. கூட்டத்தோடு சேராமல் தனியாகத் திரிகிற கொம்பன். சமையல்கட்டுச் சுவரைத் தள்ளிவிட்டு அரிசியையும் உப்பையும் தின்றுவிட்டுப் போனதாம். வீட்டுக்காரர்கள் முன்வாசல் வழியாக ஓடியதால் உயிர் தப்பியது.

எங்கள் வீடு இந்த லய வரிசையில் கடைசி. அதற்கு அப்புறம் நாலு பாத்தி தேயிலை, பிறகு காடு. இவருக்கு ஃபாக்டரியில் நைட். இந்த மாதம் முழுக்க நைட்தான் என்று போர்டில் ஒட்டியாகிவிட்டது. ராத்திரி நானும் மகள் ஜெனியும் மட்டும்.

செய்ய வேண்டியவை: அரிசி டிரம்மை நடு அறைக்கு மாற்ற. டார்ச்சுக்கு செல். கொய்யாவில் பழுத்ததெல்லாம் பறித்துவிட, வாசனைக்கு வரும். ஜெனி ரெயின்கோட் ஜிப்.

ரேடியோவையும் பார்க்க வேண்டும். இங்கே எல்லா வீட்டிலும் ஆண்கள் நைட் போனால் அடுப்படி ஜன்னலில் ரேடியோவைப் பேசவிட்டுத்தான் படுப்போம். பாட்டு ஆகாது, பேச்சுதான். ஆம்பிளைக் குரல் கேட்டால் ஆனை சுவரில் கை வைக்காது என்று நம்பிக்கை. நம்பிக்கை பெரிதா, ஆனை பெரிதா என்பது வேறு விஷயம். ஆனால் எங்கள் டிரான்சிஸ்டரில் பதினொரு மணிக்கு மேல் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம் விடிய விடிய உஸ் என்று இரைச்சல். ஆனை வருவதோ அதற்குப் பிறகு.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டு விட்டு. சித்திரபுரத்திலிருந்து கொழுந்தன் ஜெபராஜ் வந்தான். டிஷ் மாட்டுகிற கடை வைத்திருக்கிறான். எந்த வீட்டில் நுழைந்தாலும் கூரையைத்தான் முதலில் பார்ப்பான்.

"மதினி, காசு கட்டாத டிஷ்ல ரேடியோ வரும். ஆனா ராத்திரி பேசுறதுக்கு ஆள் கிடையாது. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுற டிஷ்ல ஒரு ரேடியோ இருக்கு. இருபத்திநாலு மணி நேரமும் தமிழ்ப் பேச்சு. நாடகம், வைத்தியம், விவசாயம். நிறுத்தவே மாட்டான்."

சாப்பிட்டுக்கொண்டே இவர் சொன்னார்: "காத்துல வாரதுக்குக் காசா? ரேடியோவுக்கு காசு கட்டுனேன்னு தெரிஞ்சா பேர் கூப்பிடுற மஸ்டர்ல சிரிச்சே கொன்னுருவாங்க."

"ஆனை மிதிச்சுச் செத்தா சிரிக்க மாட்டாங்களா?" என்றேன்.

ஜெபராஜ் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டான். இவர் கை கழுவிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். 'சரி' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. வழக்கம்போல.

ஜூன் 14, சனி

டிஷ் மாட்டியாகிவிட்டது; ஜெபராஜ் முதல் ரீசார்ஜை ஜூலை ஒன்று வரைக்கும் போட்டிருக்கிறான். ரேடியோ வைத்தால் டிவியில் படம் வராது, கறுப்புத் திரையில் சேனல் பெயர் மட்டும். உள்ளிருந்து இரண்டு ஆம்பிளைகள் தென்னைக்குப் போடும் உரத்தைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் மலையில் தென்னையே கிடையாது. ஆனைக்கு அது தெரியவா போகிறது.

டிவியை அடுப்படிச் சுவரோரம் மாற்றினேன். தூக்கம் சரியாக வரவில்லை. கண்ணை மூடினால் வீட்டில் அந்நிய ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. ஜெனி தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

ஜூன் 16, திங்கள்

ஆனை வந்தது. எங்களுக்குத் தெரியவே இல்லை. காலையில் பார்த்தால் கொய்யா மரத்தடி வரை கால்தடம், அங்கிருந்து திரும்பி அடுத்த வீட்டுப் பக்கம் போயிருக்கிறது. முத்துமாரி அக்காவின் பீன்ஸ் பந்தல் தரைமட்டம். வாழை இரண்டும் போச்சு.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அக்கா முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"நீ காசு கட்டி உன் வாசல்ல இருந்து திருப்பி விட்டுட்ட. அது எங்கிட்டுப் போவும்? எங்க வீட்டுக்குத்தான் வரும்."

"பஞ்சாயத்துல அபேட்சை மனு எழுதிக் கொடுங்கக்கா, நஷ்டத்துக்கு ஏதாச்சும் தருவாங்க."

"பந்தலுக்கு அபேட்சை கொடுக்கலாம். எம் புருசனுக்கும் நாளையிலருந்து நைட்டு. நான் தனியாத்தான் கெடக்கணும். அதுக்கு யாருகிட்டக் கொடுக்க?"

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சாயங்காலம் டிவியை அந்தச் சுவரோரம் தள்ளி, சத்தத்தை முடிந்த மட்டும் ஏற்றிவிட்டேன். இனி இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பேசட்டும். அக்கா அந்தப் பக்கமிருந்து சுவரை இரண்டு தட்டு தட்டினார். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று செய்த கூத்தை இவரிடம் சொல்லவில்லை.

விடியக்காலை, இருட்டு. நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அரைத் தூக்கத்தில் ஒரு குரல், இவர் கூப்பிடுகிற மாதிரியே: "ஏ இந்தா, கதவைத் திற." எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். ஜெனிதான் ஓடிவந்து பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அது ரேடியோம்மா."

வெளியே ஆனை நின்றிருந்தால்? இனி எந்தக் குரலுக்கும் கதவைத் திறப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். வெளிச்சம் வந்து ஜன்னலில் முகம் தெரிந்தால்தான் தாழ்ப்பாளை எடுப்பது.

தக்காளி. தீப்பெட்டி. கிரீச்சுக்கு பினாயில் கேட்க.

ஜூன் 19, வியாழன்

நாள் முழுக்கத் தலைவலி. காசு கட்டியது சரியா தப்பா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நல்லது: ஆனை சுவரில் கை வைக்கவில்லை. அக்கா மறுபடி பேசுகிறார். நாட்டுக்கோழிச் சளிக்கு மருந்து தெரிந்துகொண்டேன்.

கெட்டது: ஜெனியால் படிக்க முடியவில்லை. மழை கனத்தால் டிஷ்ஷில் சிக்னல் போய் ஊமையாகிவிடுகிறது. நமக்குப் பேச்சு வேண்டிய நேரமே அதுதான். கரண்ட் போனாலும் அதே கதி. எல்லாவற்றையும் விட, வெளியே எதுவுமே கேட்பதில்லை. முன்பெல்லாம் கிளை ஒடிந்தால் விழிப்பு வரும், மேல் லயத்தில் தகரம் தட்டினால் விழிப்பு வரும். இப்போது ஆனை மூக்குச் சிந்தினாலும் தெரியாது.

இவரிடம் சொன்னேன். "அப்ப நிறுத்து" என்றார். நிறுத்தினால் பயம், விட்டால் வேறு பயம். கல்யாணம் ஆன நாள் முதல் இவர் சொல்கிற ஆலோசனை எல்லாமே இரண்டு வார்த்தைக்கு மிஞ்சியதில்லை.

ஜூன் 21, சனி

இவர் உயிரோடு இருக்கிறார். தோள் மூட்டு இறங்கிவிட்டது. டிஸ்பென்சரியில் ஏற்றிக் கட்டினார்கள். தூங்குகிறார்.

ஆண்டவரே. எழுத முடியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நடந்ததை எழுதிவிட்டால் மனம் கொஞ்சம் ஆறும்.

நேற்றுக் காலை ஃபாக்டரியில் மெஷின் நின்றதால் ஷிப்டை முன்னதாகவே விட்டுவிட்டார்கள். வெளுக்கத் தொடங்கிய நேரம், ஆனால் பனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. இவர் குறுக்குப் பாதையில் இறங்கி அடுப்படி வாசலுக்கு வந்திருக்கிறார். வந்த பிறகுதான் கொய்யா மரத்தடியில் அது நிற்பதைப் பார்த்திருக்கிறார். காதை ஆட்டாமல் நின்றதாம். அக்கா வீட்டுக்குப் போகிற பாதையும் அந்தப் பக்கம்தான். கத்தினால் திரும்பும். ஓடினால் விரட்டும். கதவை விரலால் தட்டி மெதுவாகக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஏ இந்தா. கதவைத் தொற. நான்தான்."

நான் உள்ளே அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன். காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ரேடியோவில் நாடகம். கூரையில் மழைச் சொட்டு. ஏமாறக் கூடாது என்று நான் டீத்தண்ணியைக் கிளறிக்கொண்டு இருந்தேன். மறுபடியும் அதே குரல், "ஏ இந்தா." ஜெனி அறையிலிருந்து, "ரேடியோம்மா, எந்திரிக்காத" என்றாள். "தெரியும்டி" என்றேன். அப்படித்தான் சொன்னேன். என் புருஷன் கதவுக்கு அந்தப் பக்கம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் கெட்டிக்காரி மாதிரி "தெரியும்டி" என்கிறேன்.

அது ஓர் அடி வைத்திருக்கிறது. இவர் பின்பக்க வடிகாலில் குதித்துவிட்டார். விழுந்ததில் தோள் போயிற்று. அந்தச் சேற்றில், தேயிலைக்கு அடியில், சத்தம் காட்டாமல் கிடந்திருக்கிறார்.

வெளிச்சம் வந்ததும் வழக்கம்போல ஜன்னலில் பார்த்தேன். வடிகாலுக்குள் இருந்து ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்தில் லயம் முழுக்க வந்துவிட்டது.

இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 23, திங்கள்

முதல் வேலையாக டிவி வயரைப் பிடுங்கி எறிந்தேன். இவர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொருகு" என்றார்.

"உங்களக் கொல்லப் பாத்த சனியன் அது."

"அதாலதான் நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க."

பிறகுதான் முழுசாகச் சொன்னார். இத்தனை பேச்சு இவர் பேசி நான் கேட்டதில்லை. "நான் கெடந்த எடத்துல இருந்து தெரிஞ்சுச்சு. அடுப்படிச் சுவத்துல தும்பிக்கைய வச்சு மோந்து பாத்துச்சு. மேல் லயத்துல தள்ளுச்சுல்ல, அதே மாரி நெத்திய வச்சுச்சு. உள்ள ரெண்டு பேரு சண்ட போட்டுக்கிட்டு இருந்தாங்க, அந்த நாடகத்துல. கேட்டுக்கிட்டே நின்னுச்சு. பெறகு நெத்திய எடுத்துட்டு மேல ஏறிப் போயிருச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் நீதான இருந்த, அடுப்பு முன்னால?"

அடுப்புக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் இரண்டு முழம் இருக்கும்.

"அந்தச் சத்தம் இல்லன்னா உங்க குரலுன்னு தெரிஞ்சிருக்கும்ல" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா கதவத் தொறந்துருப்ப. பெறகு மூணு பேரும்."

யார் சொல்வது சரி என்று தெரியவில்லை. ஆனையைக் கூப்பிட்டா கேட்க முடியும். வயரைச் சொருகிவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

முத்துமாரி அக்கா முட்டை கொண்டுவந்தார். பேச்சு கதவைப் பற்றி. இவரை வெளியே பூட்டிவிட்டுப் போகச் சொல்லலாமா? ஆனை வந்தால் நாங்கள் எப்படி ஓடுவது. தட்டுவதற்கு ஏதாவது முறை வைக்கலாமா? மழையில் தகரம் எல்லா முறையிலும் தட்டுகிறது. போன் பண்ணலாம் என்றால் இந்தப் பள்ளத்தில் ரேஞ்ச் கிடையாது.

நான்தான் இவரிடம் சொன்னேன். "ரேடியோவுல வார அத்தன ஆம்பிளையும் 'ஏ இந்தா'ன்னுதான் பொண்டாட்டியக் கூப்பிடுறான். நீங்களும் அதேதான். நான் எப்படிக் கண்டுபிடிக்க? எம் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

இவர் கட்டுப் போட்ட தோளைத் தடவிக்கொண்டார். "லயம் பூரா கேக்குமே."

"கேக்கட்டும்."

"அந்தப் பேரும் நாடகத்துல வந்துச்சுன்னா?"

"வந்தா வரட்டும். உங்க வாயில வந்ததில்லையே."

அக்கா சிரித்த சிரிப்பில் முட்டை ஒன்று உருண்டு உடைந்தது. "ஏண்ணே, ஆனைக்குப் பயப்படலாம், பொண்டாட்டி பேருக்கா பயப்படுவாக?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொழுந்தனுக்கு நான் மதினி. கிரீச்சில் ஆயா. லயத்தில் ஜெனி அம்மா. இவருக்கு இந்தா. ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கிறது, யாரும் வாயால் சொல்லி ரொம்ப நாளாகிறது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு மனுஷன் செத்துப்போகப் பார்த்தார் என்றால் கோபம் வருமா, வராதா?

முகத்துக்கு நேராகவே கேட்டேன். இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 30, திங்கள்

கட்டு அவிழ்த்தார்கள். கனமான வேலை கொடுக்க மாட்டார்களாம், ஆனால் நைட்தான். போக வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. நேரான பாதையில்தான் வருவேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டார்.

அந்தப் பெயர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பாப்போம்" என்றார். மறுபடியும் ஒரே வார்த்தை.

ரீசார்ஜ் நாளையோடு முடிகிறது. ஜெபராஜ் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறான். பதில் சொல்லவில்லை. நிறுத்திவிடத்தான் நினைக்கிறேன். யார் குரல் என்று தெரியாமல் இன்னொரு காலையை என்னால் தாங்க முடியாது.

ஜூலை 1, செவ்வாய்

பனி. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. விடியக்காலையிலேயே அடுப்படிக் கதவருகே உட்கார்ந்துவிட்டேன். டிவிக்குள் ஒருவன் மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசை சுடச் சொல்லிக்கொண்டிருந்தான். வெளியே பூட்ஸ் சத்தமா, சொட்டுச் சத்தமா என்று தெரியவில்லை. அப்புறம் மிகச் சின்னதாக, பயந்த பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி:

"ஸ்டெல்லா."

கேட்டும் எழுந்திருக்காமல் இருந்தேன். இன்னொரு தடவை சொல்லட்டும் என்று. காடு பக்கத்தில் இருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன்.

இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஜெபராஜ்கிட்ட ரீசார்ஜ் பண்ணச் சொல்லிரு."