அணைக்க ஏலாத அடுப்பு

நவ. 3, திங்கள்

மழை. காலை ரயில் ரத்து. அலுவலகத்துக்குத் தாமதம், யாரும் கவனிக்கவில்லை.

இந்த வார வேலை: நிலக்கரியைச் சுட்டுக் கோக், கரிக்கட்டி ஆக்கும் தொழில், ஐரோப்பா முழுக்க. உற்பத்தி வரைபடத்தில் நாட்டுக்கு ஒரு கோடு போட்டேன். எல்லாம் கீழ்நோக்கி. போலந்து மட்டும் உயரத்தில், அதுவும் சரிகிறது. மேலாளருக்கு ஒரே சந்தோஷம். புகை குறைந்தால் நல்லதுதான், எனக்கும் தெரியும். ஆனால் ஜெர்மனிக் கோட்டுக்குள் என் அண்ணை வேலை செய்கிறார். நாள் முழுக்க எரிச்சல்.

வாங்க: இடியப்ப மா, பால், மகளுக்குச் சொக்ஸ்.

நவ. 5, புதன்

குளிர். பூங்காவில் வாணவேடிக்கை, தெருவில் வீட்டு நாய்களெல்லாம் ஊளை.

அண்ணை போன். அவருடைய கோக் ஆலை ஞாயிறோடு மூடல். ஓய்வூதியத்துக்கு இன்னும் வயதாகவில்லை. அண்ணி செத்த பிறகு தனி ஆள்.

பிரெக்சிற்றுக்கு முன் நாங்கள் ஜெர்மனியை விட்டு இங்கே வந்தபோது, காலில் விழாத குறையாக அவரையும் கூப்பிட்டேன். அப்போதே கோடு சரியத் தொடங்கிவிட்டது, அதையும் காட்டினேன். அவர் சிரித்தார். "இந்த அடுப்பை அணைக்க ஏலாதடா. சூடு ஆறினால் உள்ளுக்க கட்டியிருக்கிற கல்லு வெடிச்சுப் போம். உனக்கு வேலை போனாலும் எனக்குப் போகாது."

அடுப்பை நம்பி ஒரு மனுஷன் இருந்துவிட்டார். கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

நவ. 7, வெள்ளி

அண்ணையை இங்கே கூப்பிடலாமா என்று கேட்கக் குடிவரவு வக்கீலிடம் மதியம். ஜெர்மன் பாஸ்போர்ட் என்றால் வந்து பார்க்கலாம், அவ்வளவுதான். ஐரோப்பியர் இங்கே குடியிருக்கப் பதிகிற காலம் எப்போதோ முடிந்துவிட்டது. வக்கீல் நல்ல மனுஷி, இரண்டு தரம் சொன்னார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நவ. 9, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை. என் மனைவி பிலோ அண்ணைக்காக மெழுகுதிரி கொளுத்தினாள்.

பின்னேரம் அண்ணை போன், ஆலை வாசலில் நின்றபடி. "கடைசி அடுப்பும் வெறுமையாப் போச்சு. இப்ப ஆறுது. கல்லு வெடிக்கிறது கேக்குதோ?"

போனை நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். காற்று மட்டும் கேட்டது. "ஓம் அண்ணை" என்றேன்.

"அங்க வரட்டோ?"

"வாங்கோ. ஆனா வேலை செய்ய ஏலாது. ஆறு மாதம் நிண்டிட்டுப் போகலாம்."

"அப்ப நான் விருந்தாளியோ?"

போனை வைத்துவிட்டார்.

மேலே போனேன். பிலோ சின்ன அறையை ஒழித்து, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்ப வாறாராம்?"