வலது கை மூங்கில்

மார்ச் 4
மூங்கில் வரையும் வீடியோ பாடத்தை மீண்டும் எடுத்தோம். மேலிருந்து தொங்கும் கேமராவில் என் கைகள் மட்டும். பேசுவது அக்கா. சீன ஓவியத்தில் கோட்டைத் திருத்த முடியாது, மை உடனே தாளில் ஊறிவிடும். அவள் ஒரு வார்த்தை தடுமாறினாலும் நான் புதுத் தாள் எடுக்க வேண்டும்.
"நீ பேசினா பிள்ளைங்க தூங்கிடும்டி. நான் வரைஞ்சா எழுந்து ஓடிடும். அதான் நம்மளை ரெண்டு பேரா பெத்தாங்க."
சிரித்தேன். உண்மைதானே.

மார்ச் 11
மலையும் மூடுபனியும். வரையாமல் விட்ட இடம்தான் பனி என்று அக்கா சொன்னாள். நான் அவளுக்குச் சொன்னதைவிட அழகாக.

மார்ச் 19
பெரிய இணையப் பள்ளி ஒன்று பாடங்களைக் கேட்கிறதாம். "நமக்குத்தான்டி!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 2
பள்ளியின் தளத்தில் மாதிரிப் பாடம் வந்துவிட்டது. என் மூங்கில். ஆனால் வரைவது வலது கை.

நான் இடது கைக்காரி. அக்காவுக்குத்தான் வலது.

படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கிறாள். ஓரத்தில் அவள் முகம், கீழே அவள் பெயர். என் பெயர் எங்கும் இல்லை. கடைசியில் என் பெயர் பொறித்த சிவப்பு முத்திரை தாளில் விழுகிறது — சீன எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறி. அதை அவள் கவனிக்கவில்லை. கவனிக்கத் தெரியாது.

ஏப்ரல் 3
கேட்டேன்.
"ஒரு டீச்சர் போதும்னுட்டாங்க. நான் என்ன பண்ண? கை யாருதா இருந்தா என்ன, நம்ம வீட்டுக் கைதானே?"
அம்மா: "அக்காதானே, விட்டுடேன்."
விடுவதற்கு என்ன மிச்சம் இருக்கு?

ஏப்ரல் 6
வரையவில்லை. கழுவாமல் விட்ட தூரிகை விறைத்துக் கிடக்கிறது.

ஏப்ரல் 17
அக்காவின் போன். குரலில் தேன். சீன எழுத்து ஏன் திரும்பியிருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாளாம். இனி நேரலையில் வரைந்து காட்டச் சொல்கிறது பள்ளி.
"ஒரே ஒரு கிளாஸ்டி. கையை மட்டும் குடுத்துட்டுப் போ."
"எந்தக் கையை?"
"ரொம்பத்தான் பண்ற," என்று வைத்துவிட்டாள்.
அழுதேன். கோபத்தில்தான். கோபம்தானா?

மே 9
என் பெயரில் முதல் நேரலை வகுப்பு. படத்தைத் திருப்பவில்லை. நானே பேசினேன், யாரும் தூங்கவில்லை. "மிஸ், நானும் லெஃப்ட்தான்," என்றது ஒரு சிறு குரல்.
பாதியில் இன்னொருவர் உள்ளே வர அனுமதி கேட்டார். கேமரா அணைத்திருந்தது. அக்காவின் பெயர்.
அனுமதித்தேன்.
மூங்கிலின் அடுத்த கணுவை வரைந்தேன். அவளுக்காக வேகத்தைக் குறைக்கவில்லை.